சிறைவீடு இருந்த சரிவு

லவ்டேல் என்றதும் நம் கண்முன் வருவது லாரன்ஸ் பள்ளி. ஆங்கிலச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக 1858இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. கட்டடத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோமின் பெயர் நிலைத்துவிட்டது. அதைக் கட்ட உழைத்தவர்களில் ஒரு பகுதியினரை அடைத்துவைத்த வீடு நிலைக்கவில்லை.

மலாய் நாட்டுப் பிரிட்டிஷ் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதவில்லை என்று சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் 1860களில் இங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களை அடைத்த சிறை தற்காலிகமானது. வேலை முடிந்ததும் அது மறைந்தது. 1908இல் வெளிவந்த நீலகிரி கெசட்டியர் அக்கைதிகள் தப்பியோடிய கதையைச் சொல்கிறது. உழைத்தவர்கள் குற்றவாளிகளாகவே ஏட்டில் ஏறினார்கள்.

இப்படி மலைக்குக் கொண்டுவரப்பட்டு விடுதலையான சீனர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் குடியேறினார்கள். பறையர் சமூகப் பெண்களை மணந்து, காப்பியும் காய்கறியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இந்தக் குடும்பங்கள் இடம்பெறுகின்றன. அவர் உடலை அளந்தார், நிறத்தைக் குறித்தார். அந்தப் பெண்களின் பெயரை எழுதவில்லை.

பாரம்பரியக் கட்டடம் என்று அரசு காப்பது நின்றுகொண்டிருக்கும் சுவர்களைத்தான். நம்மவர் வரலாறோ பெரும்பாலும் இடிந்துபோன வீடுகளில் இருக்கிறது. கல்வெட்டு இல்லாத இடத்தில் கைதிப் பதிவேட்டையும் குடும்பங்களின் வாய்மொழியையும் நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். பெயர் எழுதப்படாத அந்தப் பெண்களிடமிருந்து தொடங்குவோம்.