சிக்ஸ் பேக் வந்த கதை



நேற்று மாலை சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் நடக்கப் போனேன். ஒரு ஜிம் வாசலில் ஆளுயர பேனர். முகமே இல்லை, வயிறு மட்டும்தான்! 34 வருஷம் வரலாறு நடத்தியவன் சும்மா இருப்பேனா? இதோ எழுதிவிட்டேன்.

பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். ஜனங்கள் போனது அவர் குரலுக்காக. அவர் வயிற்றில் எத்தனை கட்டு என்று யாரும் எண்ணவில்லை.

அதற்காக அன்றைய நடிகர்கள் உடம்பைப் பேணவில்லை என்று அர்த்தமில்லை. பி.யு. சின்னப்பா சிலம்பம், குஸ்தி பழகியவர். எம்.ஜி.ஆரின் உடற்பயிற்சி ஊரறிந்தது. 1904-05ல் யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வான் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயரே இங்கே பட்டமாகிவிட்டது. கோவையில் தேகப்பயிற்சி சாலை நடத்திய சின்னப்பா தேவர் 'சாண்டோ' ஆனார். பின்னாளில் தேவர் பிலிம்ஸ் தொடங்கினார். நாம் போடும் சாண்டோ பனியனும் அந்தப் பெயர்தான். ஆனால் அது வேலை செய்கிற உடம்பு. பளு தூக்க, கம்பு சுற்ற, வாள் வீசப் பயன்பட்டது.

வேலை செய்கிற உடம்பு காட்டுகிற உடம்பாக மாறியது 2007 தீபாவளியில். இந்தியில் 'ஓம் சாந்தி ஓம்' படத்தில் ஷாருக் கான். அதே தீபாவளிக்கு இங்கே 'பொல்லாதவன்' படத்தில் தனுஷ். 2008ல் 'சத்யம்' படத்தில் விஷால், 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யா. முதலில் வைத்தது யார் என்று மேடையில் பேச்சு நடக்கிற அளவுக்குப் போனது.

ஒரு உண்மை சொல்கிறேன். வயிற்றுத் தசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு! குறுக்கே ஓடும் தசைநார்கள்தான் அதைக் கட்டுக் கட்டாகப் பிரிக்கின்றன. நாலா, ஆறா, எட்டா என்பது பிறப்பிலேயே முடிவான விஷயம். அது வெளியே தெரிய, உடம்பில் கொழுப்பு சுமார் 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். சட்டையில்லாத காட்சிகளுக்கு முன் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருந்ததாக, 'வுல்வரின்' நடிகர் ஹியூ ஜாக்மேனே சொல்லியிருக்கிறார். திரையில் நாம் பார்ப்பது தாகத்தில் இருக்கும் மனிதனை. பயிற்சியாளர், சமையல்காரர், வெளிச்சம், மேக்கப் எல்லாம் சேர்ந்த சில நிமிடங்கள் அவை.

இது தெரியாமல் நான் செய்த தவறு ஒன்று உண்டு. 2009ல் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை பிரேயரில் மயங்கி விழுந்தான். அம்மா மெப்ஸில் தையல் வேலை. சோறை நிறுத்தி, யாரோ கொடுத்த பவுடரைக் குடித்திருக்கிறான். போட்டோ எடுப்பதற்காக முதல் நாளிலிருந்து தண்ணீரும் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான், அவன் டிபன் பாக்ஸ் திறக்காததைப் பார்த்து, "என்னடா, சூர்யா ஆகப் போறியா?" என்று வகுப்பே சிரிக்கக் கேட்டிருந்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்கவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கும் ஒரு மகன் இருக்கிறான். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஜிம்முக்குப் போனால் தடுக்காதீர்கள், நல்லதுதான். ஆனால் தட்டில் சோறு மிச்சம் இருந்தால் கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா, ஏன் சாப்பிடலை?" என்று கேளுங்கள்.