வல்லூறின் நகமும் ஒரு பேரரசரும்



திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வரிசையாக நிற்கவைத்து நகம் பார்ப்பேனே, நினைவிருக்கிறதா? இன்று ஒரு பறவையின் நகத்தைப் பற்றிய வரலாறு.

புனித ரோமானியப் பேரரசரும் சிசிலியின் மன்னருமான இரண்டாம் பிரெடரிக் (1194–1250) வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடுவதில் பெரும் பித்துக் கொண்டவர். அந்தக் கலையைப் பற்றி லத்தீனில் ஒரு பெருநூலே எழுதினார். அதே துறையில் இருந்த அரபு நூலை மொழிபெயர்க்கச் செய்து, தாமே திருத்தினார். தாம் கண்ணால் கண்டதோடு ஒத்துவராத இடங்களில் அரிஸ்டாட்டிலையே மறுத்தார்.

புதிதாகப் பிடித்த வல்லூறின் நக நுனியை மழுக்க வேண்டும் என்கிறது அவர் நூல். இல்லாவிட்டால் மிரண்ட பறவை தன்னையும் காயப்படுத்தும், ஏந்துபவரையும் காயப்படுத்தும்.

காட்டில் பாறையிலும் மரத்திலும் உரசி நகம் தானே தேயும். மனிதரிடம் வளரும் பறவைக்கு அந்த வாய்ப்புக் குறைவு. நகம் நீண்டு வளைந்தால் தன் உள்ளங்காலையே குத்தும். புண்ணாகிச் சீழ் பிடிக்கும். அதற்காக ஒட்ட வெட்டவும் முடியாது. நகத்துக்குள் எலும்பும் ரத்தக் குழாயும் உண்டு.

எல்லாப் பறவைக்கும் ஒரே அளவும் இல்லை. வல்லூறு இரையைக் காலால் பிடித்து, அலகால் கழுத்தை முறிக்கும். கோஸ்ஹாக் என்னும் பறவையோ காலால் இறுக்கியே கொல்லும். அதன் நகத்தை மழுக்கிவிட்டால் வேட்டை போச்சு! ஆகவே பறவையை ஒருவர் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அரத்தால் தேய்த்துக் கூர் வைப்பார்.

1248 பிப்ரவரியில் பிரெடரிக் பார்மா நகரை முற்றுகையிட்டிருந்தார். ஒருநாள் அவர் வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நகரத்தார் பாய்ந்து வந்து பாசறையைச் சூறையாடினார்கள். அவருடைய வல்லூறு நூலின் அழகிய பிரதியும் பறிபோனது. பின்னர் மகன் மன்ஃப்ரெட் செய்வித்த பிரதி இன்று வாத்திகன் நூலகத்தில் இருக்கிறது.

பறவையின் நகத்தைக் கவனித்தவர் பாசறையைக் கோட்டைவிட்டார். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நகம் வளர்ந்த விரல்களில் அளவுகோலால் அடித்தவன் நான். விடியுமுன் வேலைக்குப் போய்விடும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு யார் வெட்டிவிடுவார்கள் என்று நான் யோசிக்கவேயில்லை. மேசை இழுப்பறையில் ஒரு நகவெட்டி வாங்கி வைத்திருக்கலாம்.

அடி வாங்கியவர்கள் மன்னியுங்கள், செல்வங்களே. வாழ்க வளமுடன்.