காற்று வரும் வழியும் புகை போகும் வழியும்: மதுரை வட்டார வீட்டமைப்பில் உள்ளகக் காற்று – ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் வீட்டினுள் நல்ல காற்று எவ்வாறு பேணப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியம், கீழடி அகழாய்வு, குடியேற்றக்கால நகர நிருவாகம், இருபதாம் நூற்றாண்டின் அடுப்புச் சீர்திருத்தம் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. காற்றை உள்ளே கொணர்வதில் இவ்வட்டார வீடு தேர்ச்சி பெற்றிருந்தது. புகையை வெளியேற்றுவதில் அத்தகைய கவனம் நெடுங்காலம் செலுத்தப்படவில்லை. இவ்வேறுபாட்டின் சுமையை அடுக்களையில் உழைத்த பெண்களே தாங்கினர் என்பது கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: மதுரை, காலதர், முற்றம், அடுக்களை, புகை, நகராட்சி, உள்ளகக் காற்று

முன்னுரை

வையையாற்றுச் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி வெப்பம் மிகுந்தது. ஆனி, ஆடித் திங்களில் மேற்குமலை இடைவெளிகளைக் கடந்து வரும் வறண்ட காற்று புழுதியைச் சுமந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. ஆகவே இங்குள்ள வீடு காற்றை அழைக்கவும் வேண்டும். புழுதியையும் சாரலையும் தடுக்கவும் வேண்டும்.

இத்தேவையை மொழியும் பதிவு செய்துள்ளது. சிலப்பதிகாரம் சாளரத்தைக் காலதர் என்னும் சொல்லால் குறிக்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. இன்று பெருவழக்காக உள்ள சன்னல் என்பதோ போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. பழைய சொல் அவ்வமைப்பின் பயனையே பெயராகக் கொண்டிருந்தது. ஆயினும் வீட்டுக் காற்றின் வரலாற்றைக் காலதரை மட்டும் கொண்டு எழுத இயலாது. அடுப்பையும் உடன்வைத்து நோக்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.

சங்க இலக்கியத்தில் மனையும் காற்றும்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மெல்லிய காற்று ஒலித்து நுழையும் பல சாளரங்களை உடைய இல்லங்களை மதுரையின் சிறப்புகளுள் ஒன்றாகக் கூறுகிறது. காற்றோட்டம் நகரச் செழிப்பின் அடையாளமாகக் கருதப்பட்டமை இதனால் பெறப்படும்.

நக்கீரரின் நெடுநல்வாடை மேலும் நுட்பமான செய்திகளைத் தருகிறது. நண்பகல் நிழலால் திசையறிந்து, நூலிட்டு அளந்து அரண்மனை வகுக்கப்பட்டதை அது விவரிக்கிறது. வேனிற்காலப் பள்ளியறையில் தென்றலைத் தரும் சாளரங்கள் இருந்தன என்பதும், கூதிர்க்காலத்தில் அவற்றின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடந்தன என்பதும் அப்பாட்டால் அறியப்படுகின்றன. பருவத்திற்கேற்பத் திறந்தும் அடைத்தும் காற்றை ஆளும் முறை அன்றே இருந்தது எனலாம்.

அதே பாட்டில், குளிருக்கு அஞ்சி வாயகன்ற தடவில் நெருப்பிட்டுக் குளிர்காயும் காட்சியும் வருகிறது. சாளரம் அடைபட்ட மனையில் தடவு நெருப்பு எரிகிறது. இன்றைய அறிவியல் உள்ளகக் காற்று மாசு எனச் சுட்டும் நிலைக்கு நிகரான சூழல் இது. புலவர் அதனை இன்பப் பொருளாகவே காண்கிறார். நெருப்பின் வெம்மை பேசப்படுகிறது, புகையால் விளையும் தொல்லை பேசப்படவில்லை. காற்றைப் போற்றுவதும் புகையைப் பொருட்படுத்தாமையும் ஒரே பாட்டில் அருகருகே நிற்கின்றன.

கீழடிச் சான்றுகள்

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014–15 முதல் மூன்று கட்டங்களிலும், அதன்பின் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின. செங்கற் கட்டுமானங்கள், உறைகிணறுகள், துளையும் பள்ளக்கோடும் உடைய கூரை ஓடுகள் முதலியன வெளிப்பட்டன. அடுக்கிப் பொருத்திய ஓட்டுக் கூரை, வெப்பக் காற்றும் புகையும் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேற ஓரளவு இடமளிக்கும். எஞ்சியவை பெரும்பாலும் அடித்தளங்களும் தாழ்சுவர்களுமே ஆதலால், சாளரங்களின் அமைப்பை இலக்கியத்தைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது.

முற்றம் என்னும் காற்றுவழி

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் மனைகள் தெருவை நோக்கிக் குறுகியும் உட்புறம் நீண்டும் அமைந்தவை. பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுச் சுவரோடு ஒட்டியிருப்பதால் அங்குச் சாளரம் வைக்க இயலாது. முன்வாயிலும் பின்வாயிலுமே வெளியோடு தொடர்புடையன. இந்நிலையில் நடுமுற்றம் மூன்றாவது திறப்பாகிறது. வெயிலால் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருவின் காற்று திண்ணையையும் நடையையும் கடந்து உள்ளே இழுக்கப்படுகிறது. இரவில் முற்றத்தில் தங்கும் குளிர்காற்று சூழ்ந்த அறைகளுக்குப் பரவுகிறது. ஊர்ப்புறத்துத் தொட்டிக்கட்டு வீடுகளும், அண்டைப் பகுதியான செட்டிநாட்டின் வளவு வீடுகளும் இதே இயக்கத்தைப் பெரிய அளவில் பயன்படுத்தியவை. தடித்த சுவரும் சுண்ணாம்புக் காரையும் வெப்பத்தைத் தாமதப்படுத்தின.

எனினும் இந்த ஏற்பாடு மனையும் பொருளும் உடையோருக்கே வாய்த்தது. ஒற்றையறைக் கூரை வீட்டில் முற்றம் இல்லை, வாசலே வெளியிடம்.

அடுக்களையும் புகையும்

மனையடி நூல் மரபு அடுக்களைக்குத் தென்கிழக்கு மூலையை, அதாவது அக்கினி மூலையை, வகுத்தது. மேற்காற்று வீசும் திங்களில் இது பயன் தரக்கூடியது. புகை குடியிருப்பு அறைகளுக்குச் செல்லாமல் கிழக்கே விலகும். வடகிழக்குக் காற்று வீசும் மழைக்காலத்தில் அப்பயன் குறையும். சாரலுக்காகக் கதவும் அடைக்கப்படும். மேலும் மூலையமைப்பு பிற அறைகளைப் புகையிலிருந்து காத்ததே அன்றி, அடுப்பின்முன் அமர்ந்தவரைக் காக்கவில்லை.

எரிபொருளும் கருதத்தக்கது. திருமங்கலம் பகுதியின் கரிசல் ஊர்களில் பருத்திமார், வறண்ட பகுதிகளில் கருவேலம், எங்கும் எருவாட்டி, பின்னாளில் சீமைக்கருவேல் என அடுப்புக்கு வந்தவை பெரிதும் புகை மிகுந்தவை. புகை முற்றிலும் வேண்டாப் பொருளாகவும் கருதப்படவில்லை. கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கவும், பரணில் வைத்த விதைகளை வண்டு அணுகாமல் பேணவும் அது உதவியது. நொச்சியும் வேம்பும் புகைத்துக் கொசு விரட்டுவதும் வழக்கம். ஆகவே புகையை வெளியேற்றாமை அறியாமையின் விளைவு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. அதன் பயன் குடும்பம் முழுவதற்கும் உரியதாயிற்று; அதன் தீங்கு சமைப்பவருக்கும் அவர் அருகில் இருந்த குழந்தைக்கும் மிகுதியாக உரியதாயிற்று.

தெருக்காற்றும் நகராட்சியும்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய காய்ச்சலை ஆராய மருத்துவக் குழு அமைக்கப்பட்டது. கெட்ட காற்றே நோய்க்கு முதல் என்னும் கொள்கை ஓங்கியிருந்த காலம் அது. ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டபோது, நெருக்கடி நீங்கி நகரம் காற்றும் இடமும் பெறும் என்ற நோக்கும் அதனுள் இருந்தது. அவர் நினைவாக எழுப்பிய விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது.

1866-இல் நகராட்சி அமைந்தது. 1901-இல் மக்கள்தொகை 1,05,984 ஆயிற்று. 1915-இல் சென்னை மாகாண நகரங்களைப் பற்றி அறிக்கை அளித்த பேட்ரிக் கெடிஸ், பழைய குடியிருப்புகளை ஊடறுத்து நேர்சாலை அமைப்பதை எதிர்த்தார். சிதைந்த சில வீடுகளை மட்டும் நீக்கிச் சிறு திறந்தவெளிகளை உண்டாக்கினாலே காற்றும் வெளிச்சமும் கிட்டும் என்பது அவர் நிலைப்பாடு. முற்றத்தின் தத்துவத்தைத் தெருவுக்கு விரித்ததாக இதனைக் கொள்ளலாம். 1920-இன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் குடியிருப்பு நெருக்கடியையும் துப்புரவையும் நெறிப்படுத்தின. எனினும் நிருவாகத்தின் பார்வை முதன்மையாகத் தெரு, சாக்கடை, மனையளவு ஆகியவற்றிலேயே நிலைத்தது. அடுப்பு வீட்டின் உள்விவகாரமாகவே விடப்பட்டது.

அடுப்புச் சீர்திருத்தம்

அடுக்களையைப் பொதுக் கவனத்திற்குக் கொணர்ந்ததில் காந்திய இயக்கத்திற்குப் பங்குண்டு. ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வார்தா மகன்வாடியில் புகைபோக்கி இணைந்த ‘மகன் சூளா’ அடுப்பு உருவாயிற்று. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை மதுரைச் சமவெளியின் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்தார் என்பது இவ்வட்டாரத்திற்குரிய தொடர்பாகும். 1953-இல் ஐதராபாத்துப் பொறியாளர் எஸ்.பி. ராஜூ புகையில்லா அடுக்களை பற்றிய நூலை வெளியிட்டார். 1983-இல் நடுவணரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கரி படிந்து குழாய் அடைபடுதல், மண்ணடுப்பு வெடித்தல், பராமரிப்பின்மை ஆகியன இத்தகைய முயற்சிகளை நலிவித்தன.

புகையின் அளவு எண்ணால் நிறுவப்பட்டது மிகப் பிற்காலத்தில்தான். கல்பனா பாலகிருஷ்ணன் முதலியோர் தமிழ்நாட்டின் 436 ஊர்ப்புற வீடுகளில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விறகு முதலியவற்றால் சமைக்கும் வீடுகளில் சமையல் நேரத்து நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள்முழுதும் கணக்கிட்டால், சமைத்தவர் ஏற்ற சராசரி 231 மைக்ரோகிராம். சமைக்காதவர் ஏற்றது 90. ஒரே கூரையின்கீழ் இருவகைக் காற்று நிலவியதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

2006-இல் பொறுப்பேற்ற மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-இன் உஜ்வலா திட்டமும் நிலைமையைப் பெரிதும் மாற்றின. அதே காலத்தில் பாகப்பிரிவினையால் மனைகள் துண்டாயின. முற்றங்கள் கான்கிரீட்டால் மூடப்பட்டன. குளிரூட்டிக்காகச் சாளரங்கள் அடைபட்டன. புகை வெளியேறத் தொடங்கிய காலத்திலேயே காற்று வரும் வழி குறுகியது. பூச்சு, ஒட்டுப்பலகைப் பசை ஆகியவற்றின் ஆவியும் தாளிப்புப் புகையும் இன்று அம்மூடிய அறைகளில் தங்குகின்றன.

முடிவுரை

மதுரை வட்டார வீட்டின் காற்று வரலாறு மரபின் பெருமையை மட்டும் கூறுவதாகவோ, குறையை மட்டும் கூறுவதாகவோ இல்லை. காலதரும் முற்றமும் இன்றும் கற்கத்தக்க அறிவை உடையன. தேசியக் கட்டட நெறித்தொகுப்பு வெப்பமும் வறட்சியும் உடைய பகுதிக்குத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், வெப்பமும் ஈரமும் உடைய பகுதிக்கு ஆறில் ஒரு பங்கும் திறப்பு வேண்டும் என்கிறது. இவ்வளவு மட்டும் போதாது. ஒட்டிய சுவர்களையுடைய மனையில் மேல்நோக்கிய திறப்பு இன்றியமையாதது என்பதை முற்றம் உணர்த்துகிறது. நல்ல காற்றுள்ள வீடு எது என்பதை முன்கூடத்தில் இருப்பவரைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் மாற வேண்டும்; அடுப்பருகே நெடுநேரம் நிற்பவர் உயிர்க்கும் காற்றே அதற்கு அளவுகோலாதல் தகும். வட்டார வீடுகளை ஆவணப்படுத்தும் ஆய்வாளர் திண்ணை, தூண், முற்றம் ஆகியவற்றோடு அடுக்களையின் புகைவழியையும் அளந்து பதிவு செய்வராயின், இவ்வரலாறு மேலும் தெளிவுறும்.