பிரகலாத், சி. கே. (1941–2010)

மேலாண்மைப் பேராசிரியர், நூலாசிரியர், நிறுவன ஆலோசகர். கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தபின் யூனியன் கார்பைடு ஆலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை அனுபவமே தன்னை வார்த்தது என்பார். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்று, 1975இல் ஹார்வர்டில் முனைவரானார். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். பணியிலிருக்கும் உயரதிகாரிகளுக்கு வகுப்பெடுப்பதில் பெயர்பெற்றவர்; பிலிப்ஸ் நிறுவனச் சீரமைப்புக்கும் ஆலோசனை வழங்கினார்.

மேலாண்மை அறிஞர் கேரி ஹாமெலுடன் 1990இல் எழுதிய கட்டுரை, நிறுவனத்தைத் தனித்தனித் தொழில்களின் தொகுப்பாகப் பார்க்காமல், அவை அனைத்துக்கும் வேராக உள்ள மூலத்திறன்களின் வழியே பார்க்கச் சொன்னது. ஹோண்டாவின் எஞ்சின் நுட்பம் காரிலும் பைக்கிலும் புல்வெட்டும் இயந்திரத்திலும் பயன்படுவது அதற்குச் சான்று. அவரது ஆக்கங்களில் உறுதியாக நிலைத்தது இதுவே.

ஏழைகளையும் வாடிக்கையாளராக மதிக்கக் கோரிய 2004ஆம் ஆண்டு நூல் அரவிந்த் கண் மருத்துவமனையை முன்னுதாரணமாகக் காட்டியது. ஏழைகளிடம் விற்பதைவிட அவர்கள் உற்பத்தி செய்வதை வாங்குவதே வறுமையைக் குறைக்கும் என்று மிச்சிகன் சகாவான அனில் கர்நானியே மறுத்தார். அம்மறுப்பில் நியாயம் உண்டு. பிரகலாத் 2009இல் பத்மபூஷண் பெற்றார். அமெரிக்காவின் சான் டியேகோவில் காலமானார்.