பாட்டுப் புத்தகமும் பஸ் டிக்கெட்டும்: ஊவாத் தோட்டங்களில் ரசிகர்களைத் தேடி

ஜனவரி பிறந்தால் எனக்கு ஒரு கட்டுரை நிச்சயம். 17ஆம் திகதி எம்.ஜி.ஆர். பிறந்தநாள். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் மலையகத்தில் அவர் இந்திய நடிகர் மட்டுமல்ல, நம்ம ஊர்ப் பிள்ளையும்தான். 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி கூட அதைச் சொல்லத் தவறவில்லை. "தோட்டத்துல பழைய ரசிகர் யாராவது இருந்தா ஒண்டு எழுதித் தாங்க" என்று கொழும்பிலிருந்து அழைப்பு வரும். நான் பதுளையில் பஸ் ஏறிப் பசறை, நமுனுகுலைப் பக்கம் போவேன்.

சுதந்திர ஊடகவியலாளர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாதச் சம்பளம் கிடையாது, கட்டுரைக்கு இவ்வளவு என்று கணக்கு. பஸ் காசும் சாப்பாடும் போனால் சில மாதங்களில் கையில் எதுவும் மிஞ்சாது. "சினிமா விசயந்தானே" என்று கொடுப்பனவைக் குறைக்கும் வழக்கமும் உண்டு. ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்தபோது இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

ரசிகர்கள் கூடும் நிகழ்வுகளைப் பற்றியும் எழுதுகிறேன். கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன்னுக்கு இளைஞர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களாக வேடமிட்டு வருகிறார்கள். தோட்டத்தில் அப்படி மண்டபமோ நுழைவுச் சீட்டோ இல்லை. கோயில் திருவிழா மேடையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு ஒருவர் ஆட, கீழே விசில் பறக்கும். அதுவும் ரசிகர் மாநாடுதான் என்பது என் கருத்து.

ஆயிரம் ரூபாச் சம்பளப் போராட்டம் நடந்த நாட்களில் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து பழைய படங்களைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெரியவரே கூச்சத்தைப் போக்கினார். "சம்பளத்தைப் பத்தி எல்லாரும் கேட்டாச்சு தம்பி. இதை ஒருத்தரும் கேக்கல."

கேட்கும்போது ஒன்றைக் கவனித்தேன். எந்தப் படத்தை எப்போது பார்த்தீர்கள் என்றால் யாரும் ஆண்டைச் சொல்வதில்லை. "ஒப்பந்தம் போட்ட பொறவு", "பஞ்ச காலத்துல", "அக்கா கப்பல் ஏறுன வருசம்", "கலவரத்துக்கு முந்தி" என்பார்கள். ஆண்டைக் கண்டுபிடிப்பது என் வேலை. ஒப்பந்தம் என்றால் 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்கு பிரித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1965இல், எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தார்கள். நாட்டை விட்டு அனுப்பப்படுவோமா என்று தெரியாமல் இருந்த சனம் பார்க்க ஓடியது, இங்கே பிறந்து அங்கே பெரிய ஆளாகிவிட்ட ஒருவரை. பஞ்சம் என்றால் 1973, 74. கப்பல் என்றால் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம். கலவரம் எது என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலை 27இல் அது பதுளை நகருக்கு வந்தது.

நம் சொந்தப் படங்களின் கதையும் இதே நாட்காட்டியில்தான் ஓடுகிறது. இலங்கையின் முதலாவது 35 மில்லிமீற்றர் தமிழ்ப் படத்தின் பெயரே 'தோட்டக்காரி', 1963. பிறகு 1975இல் 'புதிய காற்று'. தயாரித்துக் கதாநாயகனாக நடித்தவர் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன், மனோ கணேசனின் தந்தை. அதன் எழுத்தில் பங்கெடுத்தவர் எங்கள் பதுளைக்காரர். 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்து, அந்தத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப். 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார், 2022இல் காலமானார். அவருடைய சிறுகதைகளைப் படித்த பிள்ளைகள் பலருக்கும் இந்தப் படத்தோடு அவருக்கிருந்த தொடர்பு தெரியாது.

படங்களைப் பார்க்கலாமா என்றால் அதுதான் சிக்கல். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது தமிழ்ப் படங்களோடு சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்தே போயின. ஆகவே இந்தத் துறையில் எழுதுகிறவருக்குத் தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' கைப்புத்தகம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளைப் புரட்டலாம். மிச்சமெல்லாம் தகரப் பெட்டிகளில்: தியேட்டர் வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகம், வானொலி நேயர் விருப்பத்துக்கு எழுதி அனுப்பாமல் விட்ட தபாலட்டை, மூலை மடங்கிய புகைப்படம். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுதும் எரியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது மனிதர்களோடு இப்படியான பெட்டிகளும் புதைந்தன.

இப்போது நான் எதையும் எடுத்துவருவதில்லை. வாசல் வெளிச்சத்தில் வைத்துத் தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு, பெட்டியை மூடும் வரை பக்கத்திலேயே இருப்பேன். பின்னால் எழுதியிருப்பதையும் எடுப்பேன், பெயரும் திகதியும் அங்கேதான் இருக்கும்.

இந்தப் பழக்கம் ஒரு தவறுக்குப் பிறகு வந்தது. ஒரு பத்திரிகை மூலப்படம் வேண்டும் என்று கேட்டது. ஹாலி-எலப் பக்கத்தில் ஓர் அம்மா தந்தார். தியேட்டர் சுவரொட்டிக்கு முன்னால் அவரும் அண்ணனும். அண்ணன் அடுத்த மாதமே கப்பல் ஏறியவர், பிறகு காணவில்லை. கட்டுரை வந்தது, படம் சிறிதாக வந்தது, மூலப்படம் திரும்பவில்லை. நான்கு தடவை நேரில் போய்க் கேட்டேன். அலுவலகம் மாறியபோது எங்கோ போய்விட்டதாம்.

பத்திரிகையில் வந்ததை வெட்டிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரில் மாட்டியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்பார்: "படம் கெடச்சுதா தம்பி?"