மடலை மறித்தது எந்தக் கோள்?

காரைக்கால் என்றதும் நாட்டார் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று மாங்கனி, மற்றொன்று சனி. ஆனித் திங்கள் முழுமதி நாளில் காரைக்கால் அம்மையார் கதையைச் சொல்லி, வீதியெங்கும் மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். கணவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய இரு கனிகளில் ஒன்றை அடியாருக்கு இட்டுவிட்டாள் மனைவி. கணவன் அதையும் கேட்டபோது இறைவனை வேண்டி நின்றாள். கையிலே கனி வந்து விழுந்தது என்பது கதை. அருகிலுள்ள திருநள்ளாற்றிலோ, பட்ட துன்பத்துக்கெல்லாம் ஒரு கோளே காரணம் என்று நம்பி, மக்கள் கூட்டங்கூட்டமாய் நளதீர்த்தத்தில் மூழ்கி எழுகின்றனர்.

இவ்விரண்டு கதைகளையும் மறவாத நாம், அதே மண்ணின் மூன்றாவது கதையை மறந்துவிட்டோம். அது கடல் கடந்து போர்முனைக்குப் போன பிள்ளைகளின் கதை. அவர்களுக்கு வீடு எழுதிய மடலின் கதை. அவர்கள் எழுதியும் வாராது போன மடலின் கதை. அங்கே வேண்டியவுடன் கையில் வந்து விழுந்த கனி எதுவுமில்லை. வந்தவற்றை மனிதர் கொணர்ந்தனர். வாராதவற்றை மறித்தவை எவை? அதைத்தான் இங்கு ஆராய விரும்புகிறோம்.

1739 ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் முதல் நாள்வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். நடுவே அரசலாற்றங்கரையில் பிரெஞ்சுக் கொடி. 1881 செப்டம்பர் 21 ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதியையும் மதத்தையும் ஒட்டிய பழைய தனிச்சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டவர், பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது அது. எழுதிக் கொடுத்தவருள் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்துவர்களும் மிகப் பலர். சேரியில் பிறந்தவனுக்குச் சொந்த ஊரின் தெருவிலே இடமில்லை. சைகோன் பாளையத்திலே இடமிருந்தது! பிழைப்புக்கும் பெருமைக்கும் அவன் படைவீரன் ஆனான். 'சொல்தா' என்று ஊரார் அவனை அழைத்தனர். பிரெஞ்சுச் சொல் தமிழ் நாவிலே பட்டம் ஆயிற்று.

1914 இல் பெரும்போர் மூண்டது. புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தொண்டர்கள் பிரான்சு நாட்டின் போர்முனைக்குச் சென்றனர். திரும்பாதவர்களின் நினைவாக 1938 இல் திறக்கப்பட்ட நினைவகம் புதுவைக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. கல்லுக்கு நாம் மாலையிடுகிறோம். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு என்ன அனுப்பினோம்?

பிரான்சிலே போர் தொடங்கிய திங்களிலேயே படைவீரர் மடலுக்கு அஞ்சற்கட்டணம் இல்லை என்று ஆக்கினர். 1915 இல் 'போர்க்கால ஞானத்தாய்' என்றொரு வழக்கம் தோன்றியது. சுற்றத்தோடு தொடர்பு அறுந்த படைவீரனுக்கு, முன்பின் அறியாத பெண்ணொருத்தி மடல் எழுதுவாள். காலுறையும் புகையிலையும் தின்பண்டமும் கட்டி அனுப்புவாள். சாமியார் மந்திரித்த கயிறு செய்யாத வேலையை, ஒரு சோடிக் கம்பளிக் காலுறை செய்தது. ஏன்? பதுங்குகுழிச் சேற்றில் அழுகியது பாதம், பாவமன்று.

ஆங்கிலேயர் பக்கத்திலும் பொட்டலங்கள் போயின. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டுக் கலங்கடித்த அதே ஆண்டில், சென்னை மாகாணத்தார் திரட்டிய போர் நிதியில் 'மெட்ராஸ்' என்ற மருத்துவக் கப்பல் ஒன்று அணியமாயிற்று. போற்றத்தக்க தொண்டு! அந்த ஆண்டு கிறித்துமசுக்கு இளவரசி மேரியின் பெயரால் வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டியில் பரிசு அளித்தனர். அதிலே நம் நாட்டாருக்கு என்ன பங்கீடு? சீக்கியருக்குப் பெட்டி நிறைய கற்கண்டு, புகையிலை இல்லை. ஏனைய இந்திய வீரர்க்குச் சிகரெட்டும் கற்கண்டும். இருவகையார்க்கும் மசாலைத் தகரடப்பா ஒன்று. இதுவரை குறையில்லை, அவரவர் நாவுக்கு ஏற்றதை அளிப்பது அன்பே. ஆனால், படையோடு சென்று தண்ணீர் சுமந்தவன், ஏவல் செய்தவன், அவனுக்கு? மசாலை டப்பாவும் வாழ்த்தட்டையும் மட்டுமே. பித்தளைப் பெட்டி கிடையாது! தாகத்துக்கு அவன் தண்ணீர் வேண்டும்; பரிசு வரிசையில் அவன் வேண்டாம். மனுநீதி மார்செய் துறைமுகம்வரை கப்பலேறிப் போயிற்று.

அதுமட்டுமா? காயமுற்ற இந்திய வீரர்க்காக இங்கிலாந்தின் பிரைட்டன் நகர அரண்மனையை மருத்துவமனை ஆக்கினர். அங்கே சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கட்டுகள்; இந்துவுக்கும் முசுலிமுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். பகைவன் குண்டு சாதி கேட்டுப் பாய்ந்ததா? பாயவில்லை. காயத்துக்குப் பின் கிடைத்த கஞ்சிதான் சாதி கேட்டது.

இனி மடலுக்கு வருவோம். காரைக்காலுக்கு வடக்கே, காவிரி கடலோடு கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்துப் புலவர் நப்பூதனார் முல்லைப்பாட்டைப் பாடினார். தலைவன் பாசறையில், தலைவி வீட்டில். அவன் வருவானா என்று அறிய, முதிய பெண்டிர் ஊர்ப்புறத்துக்குச் சென்று நெல்லும் முல்லையும் தூவி, ஆய்மகளின் வாய்ச்சொல்லை விரிச்சியாகக் கேட்டு நின்றனர். பழியில்லை, பாசறையிலிருந்து செய்தி கொணர அன்று அஞ்சல் இல்லை. செய்தி இல்லாத இடத்தில் குறி குடியேறும். இது மனித இயல்பு.

ஆனால் 1914 இல் அஞ்சல் இருந்தது; கப்பல் இருந்தது; தந்தி இருந்தது. பின்னும் மடல் வாராத வீடுகள் ஏன்? அந்த வீட்டாரிடம், 'இது சனி செய்த வேலை' என்று சொல்வதற்கு ஆள் இருந்தது. உண்மையைச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. உண்மை என்ன?

முதல் தடை கடல். 1915 டிசம்பர் 24 அன்று, கிழக்கிலிருந்து மார்செய் நோக்கிச் சென்ற பிரெஞ்சுக் கப்பல் 'வில் த லா சியோத்தா', மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கியால் தகர்க்கப்பட்டது. ஆறே நாள் கழித்து, பம்பாய் நோக்கி வந்த 'பெர்சியா' கப்பலும் அதே கடலில் மூழ்கியது. மாண்டவர் 300 பேருக்கு மேல். போகும் வழியும் வரும் வழியும் ஒரே வாரத்தில் அடிபட்டன. இதைச் செய்தது வானத்துக் கோளன்று. நீருக்கடியில் இருந்த இரும்புக் குழல்.

இரண்டாம் தடை தணிக்கை. பிரான்சின் பூலோன் நகரில் ஆங்கிலேயர் இந்திய வீரர் மடல்களைப் பிரித்துப் படித்தனர். 1915 தொடக்கத்தில் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 மடல்கள் அவ்வீரர்களிடமிருந்து புறப்பட்டன. உண்மையை நேரே எழுத அஞ்சியவன் மறைபொருள் நாடினான். கருமிளகு தீர்ந்துபோயிற்று, இனிச் சிவப்பு மிளகாய்தான் என்ற கருத்தில் ஒருவன் எழுதினான். கருமிளகு நம்மவர், சிவப்பு வெள்ளையர்! சமையற் குறிப்புக்குள்ளே சாவுக் கணக்கு. பிரெஞ்சுப் படையின் அஞ்சலும் தணிக்கைக் கண்ணுக்குத் தப்பியதில்லை.

மூன்றாம் தடையே பெருந்தடை. அது கல்லாமை. 1911 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எடுத்த கணக்கின்படி இந்திய ஆண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர். பெண்களிலோ நூற்றுக்கு ஒருத்தி. அக்கணக்கு பிரெஞ்சு எல்லைக்குள் எடுத்ததன்று என்பர். அரசலாற்றின் இக்கரையிலே மட்டும் வேறு வானமா இருந்தது? எழுதத் தெரியாத வீரன் பாளையத்தில் ஓர் எழுத்தனைத் தேடினான். படிக்கத் தெரியாத மனைவி ஊரில் ஒரு வாத்தியாரைத் தேடினாள். கணவன் மனைவிக்கு எழுதியதை ஊரார் கூடிக் கேட்டனர். மனத்திலிருந்ததை அவன் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்ற இரண்டே சொற்களோடு ஓர் இளமை தேய்ந்தது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட பெரியவர்களே, இதற்குத்தான்!

அதற்குப் பின்னும் போர்கள் வந்தன. 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா தெகோல் பக்கம் சேர்ந்தது. அஞ்சல் தலைகளின்மீது 'விடுதலைப் பிரான்சு' என்ற முத்திரை ஏறியது. முத்திரை மாறியது, அதைப் படிக்கத் தெரியாத கைகள் மாறவில்லை. இந்தோசீனப் போர் 1954 வரை நீண்டது. அங்கும் நம் சொல்தாக்கள் இருந்தனர். 1962 ஆகஸ்டு 16 இல் ஆட்சி மாற்றம் சட்டப்படி நிறைவேறியது. குடியுரிமைக்கும் ஓய்வூதியத்துக்கும் மீண்டும் தாள், மீண்டும் கையெழுத்து. எழுத்தறிந்தவன் உரிமை கேட்டான். அறியாதவன் இடைத்தரகனின் காலைப் பிடித்தான்.

இன்று எல்லைக் காவலில் இருக்கும் தம்பிக்கு '56 ஏ.பி.ஓ.' என்று முகவரி எழுதினால் மடல் போய்ச் சேருகிறது. கைப்பேசியில் அவன் முகமே தெரிகிறது. ஆனாலும் தாயத்துக் கட்டி அனுப்புவோர் இருக்கின்றனர். தோழர்களே! அந்தத் தாயின் அன்பை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அந்த அச்சம் உண்மையானது, மருந்துதான் பொய்யானது. அவள் பக்கத்தில் அமர்ந்து, அவள் சொல்வதை எழுதுவோம். அடுத்த முறை அவளே எழுதக் கற்பிப்போம். பொட்டலத்தில் தாயத்து இருந்த இடத்தில் நல்ல நூல் ஒன்று இருக்கட்டும். போர்முனையிலிருந்து திரும்பியவன் தன் ஊர்த் தெருவில் செருப்போடு நடக்கட்டும். தேநீர்க் கடையில் அவனுக்கெனத் தனிக்குவளை இல்லாதிருக்கட்டும். அதைவிடப் பெரிய பரிசுப் பெட்டி வேறில்லை.

மடலை மறித்தது கோளன்று. மறித்தவற்றுள் கடலை மனிதன் வென்றான். கல்லாமையை வெல்லும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அது நம் வேலை.