விரலின் வேகம் எண்ணான கதை

ஆர்மோனியக் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அமுக்கினாலும் சத்தம் ஒன்றுதான். கட்டை காற்றுக்கு வழி திறக்கிறது, மூடுகிறது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. பாட்டை ஏற்றுவதும் இறக்குவதும் துருத்தி போடும் இடது கை. 1875-இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் உருவாக்கிய கைத்துருத்தி ஆர்மோனியம் நாடெங்கும் பரவி, நம் பாடகர் குழுக்களின் கையையும் அப்படியே பழக்கிவிட்டது.

வேம்பாறு முதல் மணப்பாடு வரை கடற்கரைக் கிறிஸ்தவக் கோயில்களில் இன்று அந்த இடத்தில் கீபோர்டு நிற்கிறது. துருத்தி போய்விட்டது. இடது கை செய்த வேலை வலது கை விரல்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த மாற்றத்தை வாசிப்பவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. கருவியின் மெனுவில் 'டச் ரெஸ்பான்ஸ்' என்றும் 'வெலாசிட்டி' என்றும் ஒளிந்திருக்கும் அமைப்பு அதற்காகவே பிறந்தது.

விரலுக்குச் செவிகொடுத்த முதல் பெரிய விசைக்கருவி பியானோ. அதற்கு முந்திய ஹார்ப்சிகார்டில் கட்டையை அமுக்கினால் ஒரு சிறு முள் கம்பியைச் சுண்டும். எப்படி அமுக்கினாலும் சுண்டல் ஏறக்குறைய ஒரே அளவு. 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி முள்ளை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். விரல் வேகமாக இறங்கினால் சுத்தியல் வேகமாகப் பாயும், கம்பி உரக்க ஒலிக்கும். சுத்தியல் கம்பியைத் தொடும் கணத்தில் அதற்கு என்ன வேகம் என்பதே கணக்கு. பிறகு கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஒலி கூடாது.

மின்சாரம் வந்ததும் இந்த வெற்றி பறிபோனது. 1935-இல் வந்த ஹாமண்ட் ஆர்கனிலும், 1964-இல் ராபர்ட் மூக் செய்த சிந்தசைஸரிலும் கட்டை வெறும் ஸ்விட்ச். அலைவடிவங்களுக்குக் குறைவில்லை. எல்லா மேற்சுரங்களும் நிறைந்த ரம்பப்பல் அலை, ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் கொண்டு கிளாரினெட் சாயலில் ஒலிக்கும் சதுர அலை, அதைவிட மென்மையான முக்கோண அலை என்று குமிழைத் திருகி மாற்றலாம். விரலால் மாற்ற முடியாது.

தீர்வு மிக எளிமையானது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடமும் இதுதான். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒன்றுக்கு இரண்டாகத் தொடுமுனைகளை வைத்தார்கள். கட்டை இறங்கும்போது முதல் முனை முன்னே தொடும், இரண்டாவது கொஞ்சம் பிந்தித் தொடும். இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் விரல் வேகமாக வந்தது என்று பொருள், சத்தத்தைக் கூட்டு. எடையை அளக்க எந்த ஏற்பாடும் கிடையாது. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983-இல் வந்த மிடி முறை இந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண் கொடுத்தது. 0 வந்தால் சுரம் நின்றது என்று கணக்கு.

அதே ஆண்டு வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 இன்னொரு படி ஏறியது. அதன் வேர் 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணினியில் ஒரு சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் கம்பிதம் என்கிறோமே, அந்த வகை அசைவு. நொடிக்கு ஐந்தாறு முறை அசைந்தால் காது அதை அசைவாகவே கேட்கும். அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் அசைவு மறைந்து புதிய ஒலிநிறம் பிறந்தது. அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் அக்கறை காட்டாத அந்தக் கண்டுபிடிப்புக்கு ஜப்பானின் யமஹா உரிமம் வாங்கிக்கொண்டது. டிஎக்ஸ்7-இல் விரலின் வேகத்தை அந்த அசைவின் ஆழத்தோடு இணைத்துவிடலாம். அப்போது ஓங்கித் தொட்டால் சத்தம் ஏறுவதோடு அலைவடிவமே மாறும், மணியோசை கூர்மையாகும். இசைக்கலைஞர்களைக் கட்டிப்போட்டது இதுதான்.

ஆனாலும் 127-க்குள் விரல் அடங்கிவிடவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைப் பாருங்கள். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை என்று ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி இட்டிருக்கிறார். ஏனென்றால் நம் இசையில் விரல் வந்து இறங்கிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வெலாசிட்டிக்குத் தெரிவது இறங்கும் கணம் மட்டும். மீதிக்குச் சுரத்தை வளைக்கும் 'பிட்ச் பெண்ட்' வசதியைத்தான் நாட வேண்டும். 2009-இல் வந்த 'டெல்லி 6' படத்தின் ஒரு பாடலில் ஏ.ஆர்.ரஹ்மான் கட்டைகளே இல்லாத கண்டினியம் என்ற கருவியை வாசித்ததும் இந்தக் குறையைத் தாண்டத்தான் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் கீபோர்டுகளுக்கு வருவோம். யமஹா வகைக் கருவிகளில் பெரும்பாலும் சாஃப்ட், மீடியம், ஹார்டு, ஃபிக்ஸ்டு என நான்கு நிலைகள் உண்டு. சாஃப்ட் வைத்தால் மெல்லத் தொட்டாலே உரக்க ஒலிக்கும். ஹார்டு வைத்தால் உரக்க ஒலிக்க ஓங்கித் தொட வேண்டும். ஃபிக்ஸ்டில் எல்லாச் சுரமும் ஒரே அளவு. ஆர்மோனியக் கையோடு வருபவருக்கு முதலில் சில சுரங்கள் அமுங்கும், சில துள்ளும். உடனே ஃபிக்ஸ்டுக்குப் போய்விடுகிறார்கள். பியானோ ஒலியை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது பெரிய இழப்பு. திருவிருந்துப் பாடல் முழுதும் ஒரே மட்டத்தில் ஓடிவிடுகிறது.

ஒரே ஒரு கட்டை மட்டும் எப்போதும் அலறினால் மெனுவைக் குறை சொல்லாதீர்கள். தூசியும் கடல் ஈரமும் அந்தக் கட்டையின் தொடுமுனைகளில் படிந்திருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் துடைத்து வாங்குங்கள்.

பனிமய மாதா திருவிழாப் பாடல்களுக்கு ஒத்திகை தொடங்கும்போது டச் ரெஸ்பான்ஸைச் சாஃப்டில் வைத்து ஆரம்பியுங்கள். கை பழகியதும் மீடியத்துக்கு ஏறுங்கள். ஆர்கன் ஒலிக்கு மட்டும் ஃபிக்ஸ்டு இருக்கட்டும். அந்தக் கருவியின் இயல்பே அதுதான்.